டெலீட் செய்யும் முன் மொத்தக் கணக்கைப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்ற செய்தி வந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? ஏதாவது ஒரு போல்டரைத் திறந்து, எதை டெலீட் செய்யலாம் என்று தேடத் தொடங்குகிறோம். முதலில் கண்ணில் படுவது நாமே எடுத்த போட்டோக்களும் வீடியோக்களும்தான். அவற்றில் நான்கைந்தை நீக்கியவுடன் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அப்பாடா என்று எழுந்து போய்விடுகிறோம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதே செய்தி வருகிறது.

இந்தப் பழக்கம் தவறு என்பது என் கருத்து. இடம் குறைவாக உள்ள சின்னஞ்சிறு கம்ப்யூட்டர்களில் இது இன்னும் பெரிய தவறு. ராஸ்பெர்ரி பை பயன்படுத்துபவர்களை மனதில் வைத்து இதனை எழுதுகிறேன்.

இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பிரிட்டனைச் சேர்ந்த ராஸ்பெர்ரி பை அமைப்பு, மாணவர்கள் புரோகிராமிங் கற்க வேண்டும் என்பதற்காக இதனை உருவாக்கி, 2012 ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஏ.டி.எம். கார்டு அளவுள்ள ஒரே ஒரு போர்டில் எல்லாம் அடங்கிவிடும். கீபோர்டு, மவுஸ், டி.வி. இவற்றை இணைத்துவிட்டால் முழுக் கம்ப்யூட்டர் தயார். ஆனால் இதனுள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. மொபைல் போனில் போடுகிறோமே, அதே மைக்ரோ எஸ்டி கார்டுதான் இதற்கு டிஸ்க். ஆபரேட்டிங் சிஸ்டம், புரோகிராம்கள், உங்கள் பைல்கள் எல்லாம் பொதுவாக அந்த விரல் நக அளவு கார்டில்தான் இருக்கும்.

என் மைத்துனர் வீட்டில் மகளுக்காக வாங்கிய ராஸ்பெர்ரி பை 3 ஒன்று இருந்தது. வாங்கியபோது அதில் இருந்தது 8 ஜிபி கார்டு. போனில் இடம் போதாமல் போகும்போதெல்லாம் வீடியோக்களையும் குரல் பதிவுகளையும் இந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் இருந்து நீக்கிவிடுவார். 8 ஜிபி எத்தனை நாள் தாங்கும்? கார்டு நிரம்பியது. ஒரு கடையில் கொடுத்து, இருப்பதை எல்லாம் அப்படியே 32 ஜிபி கார்டுக்கு மாற்றித் தரச் சொன்னார். மாற்றியும் தந்தார்கள். கம்ப்யூட்டர் முன்பு போலவே இயங்கியது.

ஒரு மாதம் கழித்து ஒரு இரவு போன் செய்தார். "மாமா, அழிக்க முடிஞ்சதை எல்லாம் அழிச்சுட்டேன். ஆனாலும் இடம் இல்லைன்னே சொல்லுது."

"என்ன மாப்பிள்ளை அழிச்சீங்க?"

"அம்மா பேசினதெல்லாம் இருந்துச்சே, அந்த போல்டரை. போன்ல இருக்கும்னு நினைச்சேன். அங்கயும் இல்லை."

என் மாமியார் தன் சிறு வயதுக் கதைகளைச் சொல்லச் சொல்ல, அவர் போனில் பதிந்து வைத்தவை அவை. மாமியார் இப்போது இல்லை.

மறுநாள் நேரில் போய்ப் பார்த்தேன். கடைக்காரர், பழைய கார்டை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டு, அதனை ஓர் இமேஜ் பைலாக எடுத்து, புதிய கார்டில் எழுதியிருக்கிறார். இப்படிச் செய்தால் 8 ஜிபி கார்டில் இருந்த பிரிவுகள் அதே அளவில் புதிய கார்டின் முன்பகுதியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மீதி 20 ஜிபிக்கு மேல் எந்தப் பிரிவிலும் சேராமல் வெற்றிடமாகக் கிடக்கும். சிஸ்டத்தைப் பொறுத்தவரை அந்த இடம் இல்லவே இல்லை. மைத்துனர் 300 எம்பிக்காக அம்மாவின் குரலை அழித்துக் கொண்டிருந்தபோது, அதே கார்டில் 20 ஜிபிக்கு மேல் யாரும் தொடாமல் காலியாக இருந்தது.

இதனைக் கண்டுபிடிக்கக் கட்டளை எதுவும் தேவையில்லை. ராஸ்பெர்ரி பையின் பைல் மேனேஜரைத் திறந்து, விண்டோவின் கீழ் விளிம்பைப் பாருங்கள். காலி இடம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று இரண்டு எண்கள் அங்கே எப்போதும் இருக்கும். எல்லாரும் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது இரண்டாவது எண்ணை. நீங்கள் போட்டிருக்கும் கார்டு 32 ஜிபி என்றால், மொத்தம் 28 அல்லது 29 என்று இருக்க வேண்டும். 7 என்று இருந்தால் ஒரு பைலையும் தொடாதீர்கள். உங்கள் பிரச்னை குப்பை அல்ல.

32 ஜிபி கார்டில் ஏன் 29 காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று புதியவர்கள் பலர் கேட்பதுண்டு. இல்லை. கார்டு தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள். கம்ப்யூட்டர் 1024 ஆகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆகவே 32 என்பது கிட்டத்தட்ட 29.8 ஆகிவிடும். பூட் செய்யும் பைல்களுக்கென ஒரு சிறிய பிரிவும் அதிலிருந்து போகும்.

வெற்றிடத்தைச் சேர்த்துக்கொள்ளும் வழி எளிது. டெர்மினல் விண்டோவைத் திறந்து சூடோ ராஸ்பி-கான்பிக் என்ற கட்டளையைக் கொடுங்கள். (சூடோ என்பதை ஆங்கிலத்தில் எஸ், யு, டி, ஓ என டைப் செய்திட வேண்டும். நிர்வாகி என்ற உரிமையுடன் இதனைச் செய் என்று பொருள்.) வரும் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் சென்று, எக்ஸ்பாண்ட் பைல் சிஸ்டம் என்பதனைத் தேர்ந்தெடுத்து, பின்னர் ரீபூட் செய்திடுங்கள். அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். சிஸ்டத்தைப் புதிதாக ஒரு கார்டில் பதிந்தால், முதல் முறை இயங்கும்போதே அது தானாகக் கார்டு முழுவதும் விரிந்துகொள்ளும். பழைய கார்டை இமேஜாக நகல் எடுக்கும்போது அந்த "முதல் முறை" எப்போதோ முடிந்துபோன கதை, அதனால் விரிவதில்லை. கார்டு மாற்றித் தருபவர்கள் இந்தக் கடைசி வேலையையும் செய்து, மொத்த எண்ணை வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டுத்தான் பணம் வாங்க வேண்டும். இரண்டு நிமிட வேலை இது.

சரி, மொத்தக் கணக்கு சரியாக இருக்கிறது, ஆனாலும் இடம் இல்லை என்றால்? அப்போதும் உங்கள் போட்டோக்களுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய உள்ளன. இவை எல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருப்பதுதான் சிக்கல். லினக்ஸில், பெயர் ஒரு புள்ளியுடன் தொடங்கினால் அந்தப் பைலோ போல்டரோ மறைந்துகொள்ளும். பைல் மேனேஜரில் கண்ட்ரோல் கீயுடன் எச் அழுத்திப் பாருங்கள். உங்கள் சொந்த போல்டரிலேயே நீங்கள் உருவாக்காத எத்தனை போல்டர்கள் வெளியே வருகின்றன என்று தெரியும். பிரவுசர் சேர்த்து வைக்கும் தற்காலிக பைல்கள் அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் டெலீட் செய்தவற்றைத் தாங்கும் குப்பைத் தொட்டியும் அங்கேதான். பைல் மேனேஜரில் டெலீட் கீயை அழுத்தினால் பைல் அந்தத் தொட்டிக்குத்தான் போகிறது. தொட்டியைக் காலி செய்யும் வரை ஒரு பைட் கூட மிச்சமாகாது. "டெலீட் செய்தும் இடம் வரவில்லையே" என்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பென் டிரைவில் இருந்து டெலீட் செய்தாலும் இதே கதைதான்; அந்த டிரைவிலேயே ஒரு மறைவான குப்பை போல்டர் உருவாகி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது, புரோகிராம்களையும் அப்டேட்களையும் பதியும்போது இறக்கப்படும் பேக்கேஜ் பைல்கள். ஏபிடி என்ற கட்டளை மூலம் பதிபவர்களுக்கு, வேலை முடிந்ததும் இவை நீக்கப்பட்டுவிடும். பழைய ஏபிடி-கெட் கட்டளையைப் பயன்படுத்துபவர்களுக்கு அவை அப்படியே தங்கிவிடும். பல மாதங்கள் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான எம்பி, சில சமயம் ஒரு ஜிபிக்கும் மேல் போய்விடும். சூடோ ஏபிடி கிளீன் என்ற ஒரே கட்டளை இவற்றை நீக்கிவிடும். இதில் ஆபத்து எதுவும் இல்லை. தேவைப்பட்டால் மீண்டும் இண்டர்நெட்டில் இருந்து இறக்கிக்கொள்ளலாம். கார்டு முழுவதுமாக நிரம்பி, மேலே சொன்ன எக்ஸ்பாண்ட் வேலையைச் செய்யக் கூட இடம் இல்லாமல் இருந்தால், முதலில் இந்தக் கட்டளையைக் கொடுத்துக் கொஞ்சம் மூச்சுவிட இடம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

சிஸ்டத்தோடு வந்த பெரிய புரோகிராம்களையும் கவனியுங்கள். ராஸ்பெர்ரி பைக்கு மேத்தமேட்டிகா என்ற கணித சாப்ட்வேர் 2013 முதல் இலவசமாகத் தரப்பட்டு வருகிறது. அருமையான சாப்ட்வேர்தான். ஆனால் நம் வீடுகளில் அதனை ஒரு முறையாவது திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? அதனையும் பயன்படுத்தாத லிப்ரே ஆபீஸ் தொகுப்பினையும் நீக்கினால் ஒரு ஜிபிக்கு மேல் கிடைக்கும். உங்கள் சிஸ்டம் "புல்" வகையாக இருந்தால் இவை இருக்க வாய்ப்பு அதிகம். மெனுவில் பிரிபரன்சஸ் பகுதியில் ரெகமண்டட் சாப்ட்வேர் என்று இருந்தால், அதனைத் திறந்து வேண்டாதவற்றின் டிக் அடையாளத்தை எடுத்துவிடலாம். மகள் பள்ளிக்கூடப் பாடத்தை லிப்ரே ஆபீஸில்தான் எழுதுகிறாள் என்றால் அதனை விட்டுவிடுங்கள். வீட்டில் மற்றவர்களைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

லாக் பைல்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. சிஸ்டம் தான் செய்யும் ஒவ்வொன்றையும் நாட்குறிப்பு போல எழுதி வைக்கும் பைல்கள் இவை. இடம் வேண்டும் என்றால் லாக் பைல்களை அழித்துவிடுங்கள் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சாதாரணமாக இவை பழையதைத் தானே கழித்துக்கொண்டு அளவாகவே இருக்கும். ஒரு லாக் பைல் ஜிபி கணக்கில் வளர்ந்திருக்கிறது என்றால், ஏதோ ஒரு புரோகிராமோ இணைத்த கருவியோ நொடிக்கு நொடி ஒரே பிழையைச் சொல்லிக் கதறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அழித்தால் நாளையே மீண்டும் வளரும். அந்தப் பைலின் கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப இருக்கும். அதில் குற்றவாளியின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். இன்னொன்று, ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பைலை நீங்கள் அழித்தால், பெயர் மறைந்துவிடும். ஆனால் புரோகிராம் அதனை விடும் வரை இடம் திரும்பாது. ரீபூட் செய்தால் கணக்கில் வந்துவிடும்.

யுஎஸ்பி டிரைவில் தினமும் பேக்கப் எடுப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் நேரலாம். டிரைவ் ஒரு நாள் இணைக்கப்படாமல் இருக்கும்போது பேக்கப் புரோகிராம் ஓடினால், அது டிரைவின் பெயரில் உள்ள காலி போல்டரில், அதாவது உங்கள் எஸ்டி கார்டிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடலாம். மறுநாள் டிரைவை இணைத்தவுடன், அந்தப் போல்டரின் மேல் டிரைவ் வந்து அமர்ந்துகொள்ளும். கீழே எழுதியவை கண்ணுக்குத் தெரியாது. கார்டு நிரம்பி இருக்கும், எங்கே தேடினாலும் பைல் இருக்காது. டிரைவைக் கழற்றிவிட்டு அந்தப் போல்டரைத் திறந்து பாருங்கள்.

எந்தப் போல்டர் எவ்வளவு தின்கிறது என்று அறிய என்சிடியு என்ற சிறிய புரோகிராம் எனக்குப் பிடித்தது. சூடோ ஏபிடி இன்ஸ்டால் என்று கொடுத்து இதன் பெயரை எழுதினால் பதிந்துகொள்ளலாம். பெரிய போல்டர் முதலில் வரும்படி வரிசைப்படுத்திக் காட்டும். கார்டு முழுவதும் நிரம்பிய பிறகு இதனைப் பதியக் கூட இடம் இருக்காது என்பதால், இப்போதே பதிந்து வைப்பது நல்லது. ஆனால் இது காட்டும் பெரிய போல்டர் எல்லாம் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். யுஎஸ்ஆர் என்ற போல்டர்தான் பெரும்பாலும் முதலிடத்தில் இருக்கும். சிஸ்டத்தின் உயிரே அதில்தான் உள்ளது. அதற்குள் சென்று கையால் எதையும் டெலீட் செய்திடக் கூடாது; புரோகிராம்களை நீக்க வேண்டும் என்றால் முறைப்படி நீக்கும் வழியில்தான் போக வேண்டும். அதே போல சூடோ ஏபிடி ஆட்டோ ரிமூவ் கட்டளையைக் கொடுத்தால், எவற்றை நீக்கப் போகிறது என்று ஒரு பட்டியல் தரும். படிக்காமல் ஒய் கீயை அழுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கார்டு ஏறக்குறைய நிரம்பிய நிலையில் சிஸ்டம் அப்டேட் செய்வதும் வேண்டாத வேலை. பாதியில் இடம் தீர்ந்தால் பேக்கேஜ்கள் அரைகுறையாக நிற்கும். அப்டேட் தொடங்கும் முன், இந்தச் செயலால் கூடுதலாக எத்தனை எம்பி ஆகும் என்று ஏபிடி ஒரு வரியில் சொல்லும். அந்த வரியையும் காலி இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சரி சொல்ல வேண்டும். முற்றிலும் நிரம்பிவிட்டால், பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தாலும் லாகின் திரை திரும்பத் திரும்ப வந்து நிற்கும் நிலையும் ஏற்படலாம். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிதாக வாங்கப் போக வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 8 ஜிபி கார்டை மாதாமாதம் துடைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. 2012 இல் 4 ஜிபி கார்டே போதுமானதாக இருந்தது. இன்றைய டெஸ்க்டாப் சிஸ்டத்திற்குக் குறைந்தது 32 ஜிபி கார்டு பயன்படுத்துமாறு ராஸ்பெர்ரி பை அமைப்பே பரிந்துரைக்கிறது. சிறிய கம்ப்யூட்டரைச் சிக்கனமாக நடத்துவதில் ஒரு மகிழ்ச்சி உண்டு என்று சில நண்பர்கள் சொல்வார்கள். டெஸ்க்டாப் இல்லாத லைட் சிஸ்டத்தைப் பதிந்து, ஒரே ஒரு வேலைக்கு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது சரி. குடும்பமே பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் அந்தச் சிக்கனத்தின் விலையைக் கொடுப்பது போட்டோக்களும் குரல்களும்தான்.

பெரிய கார்டுக்கு மாறுபவர்கள் கடைக்குப் போகவும் தேவையில்லை. மெனுவில் ஆக்சசரீஸ் பகுதியில் உள்ள எஸ்டி கார்டு காப்பியர் என்ற புரோகிராமைப் பயன்படுத்தலாம். யுஎஸ்பி கார்டு ரீடரில் புதிய கார்டைப் போட்டு நகல் எடுத்தால், புதிய கார்டின் அளவிற்கு ஏற்ப அதுவே விரித்தும் கொடுத்துவிடும். புதிய கார்டில் இருப்பவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால், எந்த டிரைவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கார்டை உடனே பார்மட் செய்து போனில் போட்டுவிட வேண்டாம். ஓர் ஆண்டாவது எடுத்து வையுங்கள்.

இதனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மைத்துனரின் கார்டை உடனே கழற்றச் சொல்லி, இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டோரெக் என்ற மீட்பு சாப்ட்வேர் மூலம் தேடிப் பார்த்தேன். அழித்த பிறகு இரவு முழுவதும் அதே கார்டில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்ததால், அந்த இடங்களில் வேறு ஏதேதோ எழுதப்பட்டுவிட்டது. ஒன்றிரண்டு துண்டுகள் கிடைத்தன, எதுவும் ஓடவில்லை. பிறகுதான் பழைய 8 ஜிபி கார்டு எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் கொடுத்த சிறிய பிளாஸ்டிக் உறையில், டி.வி. மேஜை டிராயரில் அப்படியே இருந்தது. கார்டு மாற்றிய நாள் வரை பதிந்தவை அனைத்தும் அதில் இருந்தன. அதற்குப் பிறகு போனில் இருந்து மாற்றிய மூன்று பதிவுகள் இல்லை.

இப்போது அந்தக் குரல் பதிவுகள் 32 ஜிபி கார்டில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி, என் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி என மூன்று இடங்களில் இருக்கின்றன. பைல் மேனேஜரின் கீழ் விளிம்பில் மொத்தம் 29 என்று காட்டுகிறது.